பூண்டும் நெத்திலியும்: கோத்தகிரி பக்கம் ஆறு நாள்

முதல் நாள், ராத்திரி

காலைல ஏழு மணிக்கெல்லாம் மேட்டுப்பாளையம் வந்து இறங்கியாச்சு. நேரா பஸ் பிடிக்காம பூண்டு மண்டிக்குப் போனேன். ஊட்டிப் பூண்டு மலைல இருந்து மூட்டை மூட்டையா இறங்கி இங்கதான் ஏலத்துக்கு வருது, வடக்க விதைக்குன்னே வாங்கிட்டுப் போறாங்க. ஒரு அண்ணன்கிட்ட அரைக் கிலோ கேட்டேன். "அரைக் கிலோவா கேக்கறீங்க, இங்க மூட்டைக் கணக்குங்க"ன்னுட்டு, அப்புறம் கீழ சிந்திக் கெடந்ததுல நல்லதா ரெண்டு கை அள்ளிக் குடுத்தாரு, காசு வாங்கல. மலைப்பூண்டு பல்லு நல்ல பெருசு, தோல்ல லேசா ஊதா ஓடியிருக்கு, உரிக்கறதுக்கு முன்னாடியே கை காரமா மணக்குது.

எதுக்கு இந்தப் பூண்டுன்னா, அதுக்கு இத்தாலிக்குப் போகணும். ஒரு வருஷம் அங்க பிரா ஊருக்குப் பக்கத்துல பொல்லென்சோன்னு ஒரு சின்ன ஊர்ல சாப்பாட்டைப் பத்தியே பாடம் நடத்தற யுனிவர்சிட்டில படிச்சேன், 2004ல ஆரம்பிச்சது, ஸ்லோ ஃபுட் இயக்கத்துக்காரங்க ஆரம்பிச்சது. சமையல் காலேஜ் இல்ல, அதை எல்லாருக்கும் சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு. ஒரு ஊர் ஏன் இதைச் சாப்பிடுது, யார் விளைவிச்சாங்க, யார் வித்தாங்க, யாருக்குக் கெடைக்காமப் போச்சு, இதுதான் படிப்பு. போன புதுசுல ஒரு வீட்ல பான்யா காவ்தா வெச்சாங்க. தலைக்கு ஒரு முழுப் பூண்டு கணக்கு, அதோட உப்புல ஊறப்போட்ட நெத்திலி மாதிரி மீன், எண்ணெய், மூணையும் சின்னத் தீயில கரைய விட்டு, மண் சட்டியோட நடுவுல வெச்சு, அடியில மெழுகுவர்த்தி ஏத்தி, சுத்தி உக்காந்து காயைத் தோய்ச்சுத் தோய்ச்சுச் சாப்பிடறாங்க. திராட்சை அறுப்பு முடிஞ்சு குளிர் ஆரம்பிக்கற காலத்துச் சாப்பாடு.

எனக்கு அப்ப ஒண்ணு புரியல. பிரா இருக்கற பியமோன்தே மாகாணத்துக்குக் கடலே கெடையாது, சுத்தி ஆல்ப்ஸ் மலை. அப்புறம் எப்படி அவங்க ஊரோட பெருமையான சாப்பாட்டுல கடல் மீன் வந்துச்சு? உப்பு வழிதான் காரணம். லிகூரியா கடற்கரைல இருந்து மலை தாண்டி உப்பு வந்த பாதையில மீனும் வந்துச்சு. மைரா பள்ளத்தாக்குல விவசாயம் நின்னுபோற குளிர்காலத்துல மலைக்காரங்களே இறங்கி ஊர் ஊரா மீன் விக்கப் போவாங்களாம். உப்புக்கு வரி ஜாஸ்திங்கறதால மீனுக்கு அடியில உப்பை ஒளிச்சுக் கொண்டுவந்தாங்கன்னு ஒரு கதையும் சொல்வாங்க. எங்க டீச்சர் ஒருத்தங்க எந்தத் தட்டைக் காட்டினாலும் மொதல்ல கேக்கற கேள்வி, "இதுல வெளியூர்ல இருந்து வந்தது எது, யார் கை வழியா வந்துச்சு?"

ஒருநாள் கிளாஸ்ல, உன் ஊருக்குப் பக்கத்து மலைல என்ன சாப்பிடுவாங்கன்னு என்னைக் கேட்டாங்க. நான் கோயமுத்தூர்ல பொறந்து வளந்தவ, வருஷத்துக்கு ரெண்டு தடவை ஊட்டி போனவ. வர்க்கி, சாக்லேட், கேரட்டுன்னு மூணு சொல்லிட்டு நின்னேன். அந்த நிமிஷம் இன்னும் மனசுல உறுத்திட்டே இருக்கு, அதுக்காகத்தான் இந்த ஆறு நாள்.

கோத்தகிரிக்கு 33 கிலோமீட்டர்தான். குஞ்சப்பனை பக்கம் பலாக்காய் தொங்கிட்டு இருக்கு, அதுக்கு யானை வர்ற சீசன் இதுன்னு கண்டக்டர் சொன்னாரு, நான் பாக்கல. காலேஜ்ல கூடப் படிச்ச தோழி வீட்லதான் தங்கல், இந்த மலைச் சமூகமான படகர் குடும்பம், வீடு ஒரு ஹட்டில இருக்கு, படகர் ஊருக்கு அப்படித்தான் பேரு. உள்ள நுழைஞ்சதும் தோழி மாதிரியே நானும் அவ பாட்டி முன்னாடி தலை குனிஞ்சேன், பாட்டி உச்சில கைய வெச்சு படகு பாஷைல ஏதோ சொல்லி ஆசீர்வாதம் பண்ணாங்க. பாட்டிக்கு இவங்க பாஷைல ஹெத்தெ. தெய்வத்துக்கும் அதே பேரு, ஹெத்தை அம்மன். பாட்டியும் சாமியும் ஒரே சொல்லா இருக்கற ஊர். தூக்கம் வருது.

ரெண்டாம் நாள்

இன்னைக்கு முழுக்க அடுப்படிதான், எரகி ஹிட்டு கத்துக்கிட்டேன். நம்ம ராகிக் களிதானேன்னு தைரியமாப் போனேன், முதல் தடவை கட்டி தட்டிப் போச்சு. தோழியோட அம்மா ஒண்ணும் சொல்லாம அதை எடுத்து மாட்டுக்கு வெச்சுட்டு மறுபடி தண்ணி ஏத்தினாங்க.

தண்ணி தளதளன்னு கொதிக்கணும். மாவைத் தூவக்கூடாது, ஒரே குவியலா நடுவுல கொட்டணும், கொட்டிட்டுக் கிண்டவும் கூடாது. நான் தப்பு பண்ணது அங்கதான், கொட்டின உடனே கை துறுதுறுன்னு கிண்டிட்டேன். குவியல் நடுவுல துடுப்பால ஒரு குழி, அந்தக் குழி வழியாக் கொதி மேல வந்து மாவு உள்ளயே வேகும். ராகி வெந்த வாசனை மாறும், பச்சை வாசனை போயி லேசா வறுத்த மாதிரி வரும், அதுக்கு அப்புறம்தான் கிண்டல். அம்மா சட்டியைக் கீழ எறக்கி, ரெண்டு பக்கமும் துணி கொடுத்துக் காலால அமுக்கிப் பிடிச்சுட்டு, முதுகு வளைய வளையக் கிண்டினாங்க. மணிக்கட்டு இல்ல, தோள்ல இருந்து வர்ற பலம் அது. கைய தண்ணில நனைச்சு உருட்டி, தட்டுல வெச்சு, கட்டை விரலால ஒரு குழி அமுக்கி, அதுல நெய். சுத்தி அவரெ உதக்க, காஞ்ச அவரையும் உருளைக்கிழங்கும் அவங்க வீட்டுப் பொடி போட்டு வெச்ச குழம்பு.

சாப்பிடும்போது பொலெந்தா ஞாபகம்தான். அங்க மலை வீடுகள்ல மக்காச்சோள மாவைச் செம்புச் சட்டில முக்கால் மணி நேரம் கிண்டுவாங்க, அதுக்கும் இதே தோள் பலம் வேணும். ஆனா பொலெந்தாவுக்குப் பின்னாடி ஒரு சோகக் கதை இருக்கு, எனக்கு அந்தப் படிப்புல மறக்கவே முடியாத பாடம் அது. மக்காச்சோளம் அமெரிக்காவுல இருந்து வந்த பயிர். அங்க மெக்சிகோ பக்கத்துக்காரங்க சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணில வேக வெச்சுத்தான் அரைப்பாங்க, அதனால அதுல இருக்கற நியாசின் சத்து உடம்புல சேரும். ஐரோப்பாவுக்குச் சோளம் வந்துச்சு, சுண்ணாம்பு வரல. வட இத்தாலி ஏழைங்க வேற எதுவும் இல்லாம வெறும் பொலெந்தாவா சாப்பிட்டு, 18, 19ஆம் நூற்றாண்டுல பெலாக்ரான்னு ஒரு நோய் வந்து, தோல் உரிஞ்சு புத்தி கலங்கிச் செத்தாங்க. விதை கப்பலேறி வந்துச்சு, அதை எப்படிச் சாப்பிடறதுங்கற அறிவு பின்னாடியே நின்னுபோச்சு. அதைக் கேட்டதுல இருந்து, ஒரு சமையலைக் கத்துக்கறதுன்னா செய்முறையை எழுதிக்கறது மட்டும் இல்லைன்னு எனக்கு ஆயிடுச்சு.

இந்த ராகி எங்க விளைஞ்சதுன்னு அம்மாவைக் கேட்டேன். கடைல வாங்கினதாம், கீழ இருந்து வர்றது. ஜன்னலுக்கு வெளிய காட்டினாங்க, கண்ணுக்கு எட்டின வரைக்கும் தேயிலை. அந்தச் சரிவு பூரா ஒரு காலத்துல ராகியும் சாமையும்தான் இருந்துச்சுன்னு ஹெத்தெ சொன்னாங்க, தோழி எனக்குத் தமிழ்ல சொன்னா. சாமைச் சோத்துல நெய் ஊத்தித் தின்னுட்டுக் காட்டுக்குப் போனா சாயங்காலம் வரைக்கும் பசிக்காதுன்னும் சொன்னாங்க. சாமைன்னு சொல்லும்போது ஹெத்தெ கை தானா உருட்டற மாதிரி அசைஞ்சுது.

பழைய வீட்டையும் காட்டினாங்க. பக்கத்துப் பக்கத்துல சுவர் ஒட்டி வரிசையா வீடுங்க, உள்ள ஒரு தனி ரூம், ஹாகோட்டு. பால் வெச்ச ரூம் அது. பொம்பளைங்க அதுக்குள்ள போகக்கூடாதுன்னு இருந்துச்சாம். ஹெத்தெ இன்னும் அந்த வாசப்படிகிட்ட வந்ததும் தானா ஒதுங்கித்தான் நடக்கறாங்க.

மூணாம் நாள்

மழை. கன்னேரிமுக்குல சல்லிவன் நினைவு பங்களா வரைக்கும் போயிட்டு வந்தோம், அவ்வளவுதான். 1819ல கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறி வந்து திம்பட்டி பக்கம் தங்கினாரு, உருளைக்கிழங்கு, முட்டைகோஸ் மாதிரி ஐரோப்பாக் காய்ங்க இந்த மண்ணுக்கு வந்தது அவரோட காலத்துல. நாம 'இங்கிலீஷ் காய்'னு சொல்றது அதுனாலதான். நேத்து சாப்பிட்ட அவரெ உதக்கைல உருளைக்கிழங்கு இருந்துச்சே, அதுவும் ஒரு வழியா வந்த விருந்தாளிதான். ஆனா 200 வருஷம் ஆயிட்ட விருந்தாளியை இனிமே அந்நியம்னு சொல்ல முடியாது, தக்காளி இல்லாத இத்தாலியை யார் நம்புவாங்க?

திரும்பி வர்ற வழில பேக்கரில டீயும் வர்க்கியும். அம்மா பச்சைத் தேயிலை விலையைப் பத்தியே பேசிட்டு வந்தாங்க, 1990கள் கடைசில விலை விழுந்ததுல இருந்து சின்ன விவசாயிங்க நிமிரவே இல்லைன்னு. உருளைக்கிழங்கைப் பிடுங்கிட்டுத் தேயிலை வெச்சோம், தேயிலையைத் தின்ன முடியாதேம்மான்னாங்க. அந்த வார்த்தை ராத்திரி வரைக்கும் காதுலயே இருக்கு.

நாலாம் நாள்

பஸ்ல ஊட்டி. தொட்டபெட்டா தாண்டும்போது பனி கண்ணாடில ஒட்டிக்கிச்சு.

கோத்தகிரிங்கற பேரே கோத்தர் கேரி, கோத்தர் தெருன்னு அர்த்தம். கோத்தர் இந்த மலைப் பழங்குடி, அவங்களுக்கு நீலகிரில மொத்தம் ஏழு ஊர். ஆம்பளைங்க கொல்லு வேலை, தச்சு வேலை, வாத்தியம், பொம்பளைங்க மண்பாண்டம். தோடர் எருமை வெச்சுப் பாலும் நெய்யும், படகர் தானியம், குறும்பர் காட்டுத் தேனும் மூங்கிலும். காசு இல்லாம ஒருத்தருக்கொருத்தர் மாத்திக்கிட்டு நடந்த வாழ்க்கை இது. நீலகிரியைப் பத்தி எழுதற எல்லாரும் சொல்ற விஷயம்தான், ஆனா ஒரு ஹிட்டு உருண்டையைக் கைல வெச்சுட்டு யோசிச்சா வேற மாதிரி இருக்கு. ராகி படகர் விளைவிச்சது, வெந்த சட்டி கோத்தர் பொம்பளை வனைஞ்சது, அந்த நிலத்தைக் கொத்தின மண்வெட்டி கோத்தர் அடிச்சது, குழில ஊத்தின நெய் தோடர் எருமையோடது. ஒரு உருண்டைக்குள்ள மூணு ஊர் இருந்திருக்கு. 1930கள் வாக்குல அந்த ஏற்பாடு உடைஞ்சுபோச்சு, காசும் கடையும் வந்துச்சு, சட்டி அலுமினியம் ஆச்சு. அது பூராவும் சமமான உறவுன்னு நான் சொல்ல மாட்டேன், யார் மேல யார் கீழங்கற கணக்கும் தீட்டும் அதுக்குள்ள இருந்துச்சு, குறும்பருக்கு மந்திரம் தெரியும்னு பயந்து ஒதுக்கினதும் இருந்துச்சு. அதையும் சேத்துத்தான் எழுதணும். இல்லாட்டி இது வெறும் அழகான கதை ஆயிடும்.

ஊட்டில பூத்தையல் சால்வை விக்கற ஒரு தோடர் அக்காகிட்ட ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். கருப்பும் சிவப்புமா நூல், துணில வரைஞ்சுக்காம இழையை எண்ணி எண்ணியே போடறாங்க. 2013ல புவிசார் குறியீடு கெடைச்சது அதுக்கு. சாப்பாட்டைக் கேட்டேன். மோர்ல வேக வெச்ச சோறுன்னாங்க, நாங்க கறி சாப்பிட மாட்டோம்னாங்க. பால் கோயில் வேலை, தயிர் கடையறது எல்லாம் ஆம்பளைங்க பாடு, பொம்பளைங்க அதுல சேரறதில்ல. ஆல்ப்ஸ்ல கோடைல மாட்டை மேல ஓட்டிட்டுப் போயி ரெண்டு மூணு மாசம் அங்கயே தங்கி சீஸ் பண்ற ஆளுங்களோட நாங்க நாலு நாள் தங்கினோம், அவங்ககிட்டயும் பாலைச் சுத்தி இதே மாதிரி ஒரு கறார் உண்டு. தோடரும் வெயில் காலத்துல எருமையை வேற மேய்ச்சலுக்குக் கூட்டிட்டுப் போறவங்கதான்.

"இப்ப எங்க புல்லு இருக்கு?"ன்னு அக்கா கேட்டாங்க. 1840கள்ல இருந்து புல்வெளி மேல சீகை மரமும் யூகலிப்டஸும் நட்டு வந்திருக்காங்க, வெறும் புல்லுன்னா உபயோகம் இல்லாத நிலம்னு நெனச்சு. இத்தாலில அந்த மாதிரி மேய்ச்சல் நிலத்துக்கும் அதுல வர்ற சீஸுக்கும் பேர் வெச்சு, எல்லை போட்டு, சட்டம் போட்டுக் காப்பாத்தறாங்க, எனக்கு அதைப் பாத்தபோது பொறாமையா இருந்துச்சு. நமக்கு சால்வைக்குக் குறியீடு இருக்கு, எருமை மேயற புல்லுக்கு ஒண்ணும் இல்ல.

தோடர் குடியிருப்பான மந்துக்குள்ள போகல, ஃபோட்டோவும் எடுக்கல. அக்கா கூப்பிடல, நானும் கேக்கல.

அஞ்சாம் நாள்

தேன். கீழ்ச்சரிவுல ஒரு குறும்பர் ஊருக்கு, தேன் வாங்கறவர் ஒருத்தரோட ஜீப்ல. கோத்தகிரில கீஸ்டோன்னு ஒரு அமைப்பு 1990கள்ல இருந்து தேன் எடுக்கறவங்களோட வேலை செய்யுது, அதனால இந்தப் பக்கம் தேனைப் பத்திப் பேச ஆள் நெறைய.

திண்ணைல ஒரு பெரியவர் மூணு பாட்டில் எடுத்து வெச்சாரு. உள்ளங்கைல சொட்டு விட்டு நக்கச் சொன்னாரு. முதல்ல அடுக்குத் தேன், பொந்துல இருக்கற சின்னத் தேனீயோடது, இளசா இனிப்பு. ரெண்டாவது பாறைத் தேன், பெரிய மலைத்தேனீ பாறைல தொங்க விடற ஒத்தை அடையில இருந்து, தண்ணியா, லேசாப் புளிச்சு, மூக்குல ஏறுது. மூணாவதை நாக்குல வெச்சதும் இனிப்பு வந்துச்சு, அது போன பின்னாடி கசப்பு, தொண்டைல கொஞ்ச நேரம் நின்னுச்சு. நாவல் பூத் தேன் அது. கெட்டுப் போச்சுன்னு டவுன்காரங்க திருப்பிக் குடுப்பாங்களாம், ஊர்ல சக்கரை வியாதிக்காரங்க தேடி வாங்குவாங்களாம். பியமோன்தேல செஸ்ட்நட் பூத் தேனும் இதே கசப்பு, அங்க அதை முத்தின சீஸோட வெச்சுப் பெருமையாப் பரிமாறுவாங்க. கசப்பு தப்பு இல்ல, எந்த மரம் பூத்துச்சுங்கற சேதி. இதைப் புரிஞ்சுக்க நான் அவ்வளவு தூரம் போக வேண்டியிருந்துச்சு.

பாறைல கொடி ஏணி கட்டி எறங்கும்போது மேல கயித்தைப் பிடிச்சுக்கறது மச்சான்தானாம், பொண்டாட்டியோட கூடப் பொறந்தவன். ஏன்னு கேட்டேன். "தங்கச்சி தாலி அவன் கையில இல்ல இருக்கு, விடுவானா?"ன்னாரு. எறங்கறதுக்கு முன்னாடி பாட்டு உண்டு, தேனீகிட்ட பேசற பாட்டு. பாடிக் காட்டச் சொல்லி நான் கேக்கல, அது பாறைகிட்டப் பாடறதுன்னு அவரே சொல்லிட்டாரு.

ஆறாம் நாள், கடைசி

நேத்தே ஹெத்தெ கேட்டுட்டாங்க, நாங்க ஆக்கினதெல்லாம் தின்னியே, நீ அங்க போயி படிச்சதை ஆக்கிக் காட்டுன்னு. அதுக்குத்தான் பூண்டு.

கோத்தகிரி மார்க்கெட்ல நெத்திலிக் கருவாடு வாங்கினோம். நம்ம நெத்திலியும் அவங்க ஆன்சோவியும் ஒரே குடும்பத்து மீன், அங்க உப்புல ஊறப்போடறாங்க, இங்க காய வெக்கறோம். தலை கிள்ளி, வெந்நீர்ல ரெண்டு தடவை அலசி, கொஞ்ச நேரம் ஊற வெச்சேன். பூண்டு முப்பது பல்லு உரிச்சு, முளையை எடுத்துட்டு, பாலில் சின்னத் தீயில வேக விட்டேன், அங்க காரம் அடங்கறதுக்கு நெறைய வீட்ல அப்படித்தான் செய்வாங்க. மலைப்பூண்டு காரம் ஜாஸ்திங்கறதால பால் ரெண்டு தடவை மாத்தினேன். ஆலிவ் எண்ணெய் இல்ல, மரச்செக்குக் கடலெண்ணெய்தான். பியமோன்தேலயும் முன்னாடி வால்நட் எண்ணெய்ல பண்ணுவாங்க, அதனால மனசு உறுத்தல. பூண்டை மசிச்சு, எண்ணெய்ல கருவாட்டைப் போட்டு, கொதிக்க விடாம, கரண்டியால அமுக்கிட்டே இருந்தேன். இருபது நிமிஷத்துல முள்ளெல்லாம் இளகி, பூண்டும் மீனும் எது எதுன்னு தெரியாம பழுப்பா ஒரு விழுது. வீடு பூரா வாசனை, பக்கத்து வீட்ல இருந்து ஒரு அக்கா வந்து எட்டிப் பாத்தாங்க, அவங்களையும் உக்கார வெச்சாச்சு.

தோய்ச்சுக்க கேரட், முட்டைகோஸ், டர்னிப், வேக வெச்ச உருளைக்கிழங்கு, எல்லாம் இந்த மலைல விளைஞ்சது. ரொட்டிக்குப் பதிலா அம்மா ஹிட்டு பண்ணிட்டாங்க. அகல் விளக்கு ஒண்ணை ஏத்தி, மூணு கல்லு நடுவுல வெச்சு, அது மேல சட்டி.

ஹெத்தெ உருளைக்கிழங்கை விட்டுட்டு ஹிட்டுவைப் பிட்டுத் தோய்ச்சாங்க. மென்னாங்க. எல்லாரும் அவங்க மூஞ்சியையே பாத்துட்டு இருக்கோம்.

"உப்பு ஜாஸ்தி"ன்னாங்க தமிழ்லயே. நிஜம்தான், மூணாவது தடவையும் அலசியிருக்கணும். இன்னொரு கிழங்கை மசிச்சுப் போடச் சொன்னாங்க, போட்டேன், சரியாச்சு. அப்புறம் அவங்களாவே பேச ஆரம்பிச்சாங்க, படகுல, தோழி நிறுத்தி நிறுத்திச் சொல்லிட்டே வந்தா. சின்னப் புள்ளைல உப்பை இப்படிச் சட்டில ஜாஸ்தியாப் போட்டா அடி விழுமாம். அவங்க அப்பா உப்புக்காக மேட்டுப்பாளையம் வரைக்கும் நடந்தே போவாராம், விடியறதுக்கு முன்னாடி கெளம்பிக் காட்டு வழியா எறங்கி, அங்க தங்கி, மறுநாள் தலைச்சுமையா மேல ஏறுவாராம். மழை வந்தா தான் நனைஞ்சாலும் மூட்டை நனையாம கம்பளியை அது மேல போட்டுட்டு வருவாராம். வீட்டுக்குள்ள வந்ததும் யாரும் அவரை ஒண்ணும் கேக்கமாட்டாங்க, மொதல்ல மூட்டையைத் தொட்டுப் பாப்பாங்க, ஈரமா இருக்கான்னு.

நான் நோட்டை எடுக்கப் போனேன், தோழி கையப் பிடிச்சு உக்கார வெச்சா. சட்டில அடியில கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. கடைசில அதுல முட்டை உடைச்சு ஊத்திக் கிண்டறது அங்க வழக்கம்னு சொன்னேன். அம்மா எந்திரிச்சுப் போயி நாலு முட்டை எடுத்துட்டு வந்தாங்க.